தியானம் எல்லாம் ஒன்றுதானா?

“டிரசர் ஐயா, தியானம் செய்தால் மூளைக்கு நல்லதாமே? எந்தத் தியானம்?” என்று மருந்து வாங்க வருகிறவர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். பால் வெட்டுவதும் செம்பனைக் குலை அறுப்பதும் தோட்ட வேலைதான். ஆனால் சாயந்திரம் வலிக்கிற இடம் வேறு. தியானமும் அப்படி இருக்குமா என்று பார்ப்போம்.

ஒருவகையில் மனசை ஒரே இடத்தில் கட்டிப் போடுகிறோம்: மூச்சு, மந்திரம், விளக்குச் சுடர். இன்னொரு வகையில் எதையும் விரட்டுவதில்லை. சத்தம் வந்தால் சத்தம், வலி வந்தால் வலி, பார்த்துவிட்டு விட்டுவிடுவது.

செம்பனை ஆலைக்குப் பக்கத்து லயத்தில் புதிதாய்க் குடி வந்தவருக்கு முதல் இரண்டு ராத்திரி தூக்கமே வராது. ஒரு மாசம் போனால் ஆலை ஓடுகிறதா என்பதே தெரியாது. காது கெடவில்லை, பழகிய சத்தத்தை மூளை ஒதுக்கிவிடுகிறது. இதை இயந்திரத்தில் பார்க்கலாம். நாம் கண்மூடி ஓய்வாக இருக்கும்போது மூளையில் ஆல்பா என்ற மின்னலை நொடிக்கு 8 முதல் 13 தடவை ஓடும். திடீர்ச் சத்தம் கேட்டால் அது கலையும். சத்தம் பழகிவிட்டால் கலையாது.

1961-இல் ஆனந்த் என்ற இந்திய டாக்டரும் அவருடைய குழுவினரும் யோகிகளைச் சோதித்தார்கள். சமாதியில் இருந்தவர்களுக்குப் பக்கத்தில் பெரும் சத்தம் போட்டும், சூடான கண்ணாடிக் குழாயால் தொட்டும் ஆல்பா அலை கலையவில்லை. 1966-இல் ஜப்பானில் கசமாட்சு, ஹிராய் இருவரும் ஜென் குருமார்களிடம் கண்டது நேர் எதிர். ‘டிக்’ என்ற ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தும், ஒவ்வொரு தடவையும் முதல்முறை கேட்பதுபோல அலை கலைந்து, உடனே பழைய நிலைக்குத் திரும்பியது. யோகி கதவைச் சாத்திவிட்டார். குரு வந்தவரையெல்லாம் பார்த்து அனுப்பினார்.

இத்தோடு நிறுத்தினால் பாதிக்கதைதான். 1981-இல் பெக்கர், ஷப்பிரோ என்ற இருவர் இதையே மறுபடி செய்தபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. எல்லார் மூளையும் ஒரே மாதிரி சத்தத்துக்குப் பழகிவிட்டது. 2022-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார், 8 வாரத் தியான வகுப்பு முடித்தவர்களை ஸ்கேன் செய்தார்கள். மூளையின் உருவில் வகுப்பினால் வந்த மாற்றம் எதுவும் காணவில்லை. ஆகவே “எங்கள் தியானம் மூளையையே மாற்றிவிடும்” என்று காசு கேட்டு வருகிறவரிடம் உஷாராய் இருங்கள்.

பயனே இல்லையா என்றால், இருக்கிறது. மூச்சை மெதுவாக, நீளமாக விடும்போது மூளையிலிருந்து இருதயத்துக்கு இறங்கும் ஒரு நரம்பு துடிப்பைத் தணிக்கிறது. கடன் கவலையில் தூக்கம் வராதவர்கள் மூச்சை எண்ணிப் பார்க்கலாம். நாள்பட்ட இடுப்பு வலிக்கு இரண்டாவது வகை சிலருக்கு ஒத்துவரும். இரண்டுக்கும் செலவு கிடையாது.

ஆனால் தோழர்களே, தியானம் செய்கிறோம் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென விட்டால் வலிப்பு அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகும். காதில் யாரோ பேசுவதாகச் சொல்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் மணிக்கணக்காய்க் கண்மூடி உட்கார வேண்டாம். பிரஷர்காரர்கள், தியானத்தில் குறைந்திருக்கும் என்று தோன்றினால், கிளினிக்குக்கு வந்து அளந்து பாருங்கள். மாத்திரையைக் குறைக்கலாமா என்பதை டாக்டர் சொல்வார்.