ஓர் இடைவெளியில் என்ன இருக்கிறது?

கறுப்புத் திரையில் எழுத்தாகத் தட்டி வேலை வாங்கும் முறை ஒழிந்துவிட்டது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். ஒழியவில்லை. உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் பட்டியலில் 2017 நவம்பர் முதல் அத்தனையும் லினக்ஸ்தான். நம் டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய ‘அனுபம்’ வரிசையின் பிற்காலக் கணினிகளும் லினக்ஸில் இயங்கியவையே. அங்கெல்லாம் தட்டச்சுக் கட்டளைதான் பேச்சு.

ரயில்வேயில் பாதை பழுதுபார்க்கும்போது டிரைவருக்குக் காஷன் ஆர்டர் கொடுப்பார்கள். வேகத்தைக் குறை என்பது கட்டளை. எந்தக் கிலோமீட்டரிலிருந்து எதுவரை என்பது இலக்கு. எவ்வளவு வேகம் என்பது விவரம். கம்ப்யூட்டரிலும் முதல் சொல் கட்டளை. சிறு கோடு போட்டு வருவது விவரம், அதாவது ஆப்ஷன். மற்றவை இலக்கு, ஆர்கியுமென்ட்.

1969-ல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய யூனிக்ஸின் வழிவந்தது ‘ஆர்எம்’ என்னும் அழிக்கும் கட்டளை. வெறுமனே சொன்னால் ஃபோல்டரை அழிக்க மறுக்கும். ‘-ஆர்’ சேர்த்தால் உள்ளிருப்பது எல்லாவற்றோடும் அழிக்கும். ‘-ஐ’ சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் கேட்கும்.

இனி ஆபத்தைப் பாருங்கள். ‘பழைய*’ என்றால் பழைய என்று தொடங்கும் ஃபைல்கள் மட்டும். நடுவே ஓர் இடைவெளி விழுந்து ‘பழைய *’ ஆகிவிட்டால் இரண்டு இலக்குகள்; இரண்டாவது, அந்த இடத்திலுள்ள ஏறக்குறைய எல்லா ஃபைல்களும்! நட்சத்திரத்தைப் பெயர்களாக விரிப்பது ஷெல் என்னும் இடைத்தரகர். ஆர்எம்முக்குக் கிடைப்பது பெயர்ப் பட்டியல் மட்டுமே. அதற்குச் சந்தேகம் வர வழியே இல்லை. குப்பைத்தொட்டியும் கிடையாது, போனது போனதுதான்.

சீட்டா கேம்ப் மாணவர் ஒருவர் சங்கத்தின் பொங்கல் விழாப் படங்களை அடுக்கி வைக்கப் புரோகிராம் எழுதுகிறார். இலக்கு சொல்லாவிட்டால் ‘எல்லாம்’ என்று தானாக எடுத்துக்கொள்ளாமல் நின்றுவிட வேண்டும் என்றேன். அழிக்கும் ஆப்ஷனுக்கு ஒற்றை எழுத்து வேண்டாம், முழுச்சொல்லே இருக்கட்டும். கை தவறி விழாது. தம்பி உடனே ஒப்புக்கொண்டார். ‘பொங்கல் 1994’ போன்ற பெயர்களை மேற்கோள் குறிக்குள் வைக்காவிட்டால் இரண்டு ஃபைல்களாகிவிடும் என்பதையும் உதவிக் குறிப்பில் சேர்த்திருக்கிறார்.

வீட்டில் யாராவது நட்சத்திரத்தோடு அழிக்கப் போனால், ஆர்எம் என்ற இடத்தில் முதலில் ‘எக்கோ’ என்று தட்டச் சொல்லுங்கள். எந்தெந்தப் பெயர்கள் போகப்போகின்றன என்பது ஒன்றும் அழியாமலே திரையில் வரும்.