ஒரு லீற்றர் ஒரு கிலோவா?

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் சென்ற தவணையில் நம்மிடம் ஒரு வழக்கைக் கொண்டுவந்தான். அவன் தாயார் கடையில் ஒரு கிலோ தேங்காயெண்ணெய் கேட்டாராம். கடைக்காரர் லீற்றர் அளவையால் ஒருமுறை மொண்டு ஊற்றி, கிலோவுக்குரிய விலையைப் பெற்றுக்கொண்டார். தாயார் ஐயுற்று, நிறுத்துத் தருமாறு கேட்டபோது, கூடநின்ற மகனே குறுக்கிட்டு, "லீற்றரும் கிலோவும் ஒன்றுதானே அம்மா, எங்கள் வாத்தியார் படிப்பித்தவர்" என்றிருக்கிறான். வீட்டுத் தராசில் நிறுத்தபோது, போத்தலின் நிறை போக எஞ்சியது 920 கிராமுக்குச் சற்றுக் குறைவு!

குற்றத்தில் பாதி கடைக்காரருடையது, மறுபாதி நம்முடையது. ஒரு லீற்றர் நீரின் திணிவு ஒரு கிலோகிராம் என்று கரும்பலகையில் எழுதியவர் நாமே. 'நீரின்' என்னும் சொல்லை அழுத்திச் சொல்லாது விட்டவரும் நாமே.

திணிவு என்பது ஒரு பொருளில் அடங்கியுள்ள சடத்தின் அளவு. கனவளவு, அப்பொருள் அடைத்துக்கொள்ளும் இடம். இரண்டும் வெவ்வேறு என்பதை நுவரெலியாவில் வாழ்வோர் குளிர்காலை தோறும் காண்கின்றனர். அங்கே போத்தலில் உள்ள தேங்காயெண்ணெய் உறைந்து சுருங்கிவிடும். தராசோ முன்னைய நிறையையே காட்டும். திணிவு மாறவில்லை, இடம் குறைந்தது. ஆகவே அடர்த்தி கூடியது. திணிவைக் கனவளவால் வகுக்க வருவதே அடர்த்தி.

நீருக்கு மட்டும் கணக்கு இத்துணை எளிதாய் அமைந்தது தற்செயலன்று. 1795 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டார் கிராம் என்னும் அலகை வகுத்தபோது, ஒரு கன சென்ரிமீற்றர் நீரையே அதற்கு ஆதாரமாகக் கொண்டனர். பின்னர் உலோகக் கட்டியொன்று கிலோகிராமுக்கு நியமமாயிற்று. 2019 மே 20 முதல் அக்கட்டியும் விலக, பிளாங்கின் மாறிலி அவ்விடத்தைப் பெற்றது. நீருக்கும் கிலோவுக்கும் இருந்த பழைய உறவு மட்டும் பாடப்புத்தகங்களில் தங்கிவிட்டது.

எண்ணெயின் அடர்த்தியை வீட்டிலேயே அறியலாம். கழுத்து ஒடுங்கிய போத்தல் ஒன்றை வெறுமையாக நிறுத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் ஒரு குறியிட்டு, அதுவரை நீர் நிரப்பி நிறுங்கள். நீரை வடித்து நன்றாக உலர்த்தியபின், அதே குறிவரை எண்ணெய் விட்டு நிறுங்கள். (அகன்ற வாயுள்ள பாத்திரமாயின், குறி மயிரிழை தவறினாலும் பிழை பெரிதாகும்.) போத்தலின் நிறையைக் கழித்துவிட்டு, எண்ணெயின் திணிவை நீரின் திணிவால் வகுத்தால், ஏறத்தாழ 0.92 வரும். ஆகவே 750 மில்லிலீற்றர் போத்தல் நிறைந்த தேங்காயெண்ணெய் 690 கிராம் அளவிலேயே நிற்கும். முழுக் கிலோவுக்கு ஏறக்குறைய 1090 மில்லிலீற்றர் வேண்டும். போத்தல் விலையையும் கிலோ விலையையும் ஒப்பிடும் இல்லத்தரசியர்க்கு இவ்விரு எண்களே போதும்.

அரிசியின் சங்கதி வேறு. மணிகளுக்கிடையே காற்று இருப்பதால், சுண்டைத் தட்டி அளந்தால் ஒரு நிறை, தட்டாது அளந்தால் வேறொரு நிறை. நம் பாட்டிமார் இதனை நன்கறிவர். வாங்கும்போது தட்டுவர், கடன் கொடுக்கும்போது தட்டார்.

மாணவன் இப்போது திரவங்களை நிறுத்தவண்ணம் இருக்கிறான். மண்ணெண்ணெய் 0.8 அளவில் வந்ததாம், தேன் 1.4 அளவில். ஆனால் தேனுக்குக் கிலோ விலை வாங்கிக்கொண்டு லீற்றரால் அளந்து கொடுக்கும் கடைக்காரர் எவரையும் இதுவரை காணவில்லை என்கிறான்.