தண்ணீர்மலை, கொடிமலை, பீரங்கிமலை: ஒரே நாளில் மூன்று மலை பார்த்து வருவோம்



பினாங்கு என்றதும் நம் மனத்தில் முதலில் வந்து நிற்பவன் தண்ணீர்மலை முருகன்தான். தைப்பூசம் நெருங்கினால் போதும், கெடா, பேராக், செபராங் பிறை தோட்டங்களில் பஸ்ஸுக்குக் காசு வசூல் தொடங்கிவிடும். தோட்டம் துண்டாடப்பட்டு டவுன் பக்கம் குடியேறிப் போனவர்கள்கூட அந்த ஒரு நாளைக்குப் பழைய லயத்துச் சனங்களோடு சேர்ந்துகொள்வார்கள். புளிச்சோறு கட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்குப் புதுத் துணி போட்டு, பாலத்தைக் கடந்து போவோம். தேங்காய் உடைப்போம். காவடி பார்ப்போம். பந்தலில் மோர் குடிப்போம். வளையல், பொம்மை வாங்குவோம். திரும்பும்போது பஸ்ஸில் ஏறியதும் எல்லாருக்கும் தூக்கம்.

நல்ல பழக்கந்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் வருசத்தில் இன்னொரு நாள், கூட்டமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து, அதே பஸ்ஸை அமர்த்திக்கொண்டு போனால் என்ன? அந்த ஒரே நாளில் முருகனையும் கும்பிடலாம், கொடிமலை உச்சியிலிருந்து தீவையே கண்ணால் அளக்கலாம், பத்து மாவுங்கில் வெள்ளைக்காரன் போருக்காகக் குடைந்து வைத்த சுரங்கங்களிலும் நுழைந்து பார்க்கலாம். இந்த மூன்று மலைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால், நாம் இந்த நாட்டுக்கு எப்படி வந்தோம், என்ன பட்டோம் என்பது பள்ளிப் புத்தகத்தைவிடத் தெளிவாகப் பிள்ளைகளுக்குப் புரியும்.

விடியற்காலை: தண்ணீர்மலை

இருட்டோடு புறப்பட்டு, வெயில் ஏறுமுன் தண்ணீர்மலை அடிவாரம் போய்ச் சேருங்கள். பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். மூச்சு வாங்கும். வயதானவர்களை அவசரப்படுத்தாமல், நின்று நின்று அழைத்துச் செல்லுங்கள். மேலே இப்போது இருக்கும் பெரிய கோயிலுக்கு 2012-ஆம் ஆண்டு குடமுழுக்கு நடந்தது. இந்தியாவுக்கு வெளியே உள்ள முருகன் கோயில்களில் இதுவே மிகப் பெரியது என்று சொல்வார்கள்.

அடிவாரத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தார் கட்டிய கோயிலையும் பார்க்கத் தவறாதீர்கள். அது 1857-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தைப்பூசத்துக்கு முதல்நாள் நகரிலிருந்து வெள்ளி ரதம் வந்து சேருவது அங்கேதான். பணம் படைத்த செட்டியார் அங்கே கோயில் எழுப்பினார். அன்றாடங்காய்ச்சியான கூலிக்காரர் மலை ஏறிக் கும்பிட்டார். இரண்டு பேரும் கூப்பிட்டது ஒரே முருகனைத்தான்.

"தண்ணீர்மலைன்னு ஏன் பேரு?" என்று பிள்ளைகள் கேட்கும். பக்கத்திலுள்ள நீர்வீழ்ச்சியால் வந்த பெயர் அது. நகரத்து மக்களின் குடிநீருக்கு அந்த நீர்வீழ்ச்சி உதவியிருக்கிறது. நாம் முருகன் பெயரைச் சொல்லி ஏறுகிற மலைச்சாரல்தான் ஊருக்கே தாகம் தீர்த்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

முற்பகல்: கொடிமலை

தரிசனம் முடிந்து பசியாறியதும் ஆயர் ஈத்தாம் பக்கம் பஸ்ஸைத் திருப்புங்கள். அங்கேதான் கொடிமலை ரயிலின் அடி நிலையம். மலாய்க்காரர்கள் 'புக்கிட் பெண்டேரா' என்பார்கள்.

இந்த மலை ரயில் 1923-இல் ஓடத் தொடங்கியது. 1924 ஜனவரி 1-ஆம் நாள் திறப்பு விழா நடந்தது. முன்பெல்லாம் பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். உச்சிக்குப் போக அரை மணி நேரம் பிடிக்கும். 2010-இல் பழைய பெட்டிகளை நிறுத்திவிட்டு, 2011-இல் புதிய ரயிலை விட்டார்கள். இப்போது இடையில் மாற வேண்டியதில்லை, சில நிமிடங்களில் மேலே போய்விடலாம். கம்பி வடத்தின் ஒரு முனையில் ஒரு பெட்டி, மறுமுனையில் இன்னொரு பெட்டி. ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும். கிணற்றில் இரண்டு வாளி கட்டி இறைப்பதுபோலத்தான். நடுவழியில் இரண்டும் ஒன்றையொன்று விலகிப் போகிற இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ரயில் வருமுன் துரைமார் இந்த மலைக்கு எப்படிப் போனார்கள்? குதிரையில் போனார்கள், இல்லையென்றால் டோலியில் உட்கார்ந்து போனார்கள். டோலியைத் தூக்கியது யார்? கூலிக்காரர்களின் தோள்தான் தூக்கியது. மலை உச்சியில் ஒரு முருகன் கோயில் இருக்கிறது. அந்தக் காலத்து இந்தியச் சிப்பாய்களும் டோலி தூக்கியவர்களும் கும்பிடுவதற்காகச் சிறு கோயிலாகத் தொடங்கியது என்று அதன் வரலாற்றைச் சொல்கிறார்கள். துரை குளிர்காற்று வாங்க மேலே போனார். அவரைச் சுமந்து வந்தவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு முருகனைக் கும்பிட்டான். அந்தச் சந்நிதியில் ஒரு சூடம் கொளுத்தும்போது அவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மலை உச்சியில் நகரத்தைவிட வெயில் குறைவு. ஏறத்தாழ 5 டிகிரி குளிர்ச்சி. தீவின் ஆக உயரமான சிகரம் இந்த மலைத்தொடரில்தான் இருக்கிறது, 833 மீட்டர். மேகம் இல்லாத நாளாக இருந்தால் கிழக்குப் பக்கம் பார்க்க நில்லுங்கள். கீழே ஜார்ஜ் டவுன். அப்பால் கடல். கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தும் செபராங் பிறைச் சமவெளியும். 1985-இல் திறந்த முதல் பாலம் கோடு போட்டதுபோல் தெரியும்.

அந்தக் கடலைக் கொஞ்சம் நேரம் பாருங்கள், ஐயா! நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் வந்து சேர்ந்தது இந்த நீரில்தான். 'ரஜுலா' கப்பலைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். வெட்டவெளித் தட்டில் மூட்டை முடிச்சோடு படுத்து வந்தவர்கள் முதலில் கண்ட மண் பினாங்கு மண். முதல் பாலத்துக்குத் தெற்கே ஒரு தீவு தெரியும், அதுதான் ஜெரஜாக். கப்பலில் நோய் கண்டால் ஊருக்குள் பரவாமலிருக்க வந்தவர்களை நிறுத்தி வைத்த இடம் அது. உறவையெல்லாம் விட்டுவிட்டு வந்து, கரையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அந்தத் தீவில் நாள் எண்ணியவர்கள் எத்தனை பேரோ!

ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்தது. அதன்பிறகு கங்காணி அழைத்து வந்தார். 1938-இல் இந்திய அரசு அதையும் தடுத்தது. அதற்குள் கரும்புக்கும், காப்பிக்கும், பால்மரத்துக்கும் நம் சனங்கள் இந்த நாடு முழுக்கப் பரவிவிட்டார்கள். அக்கரையில் தெரிகிற சமவெளியில் பால்மரத்துக்கு முன்பே கரும்பு வெட்டியவர்கள் நம்மவர்கள்.

பிற்பகல்: பத்து மாவுங்

சாப்பாட்டை முடித்துக்கொண்டு தீவின் தென்கிழக்கு மூலைக்கு வாருங்கள். 2014-இல் திறந்த இரண்டாவது பாலம் தீவில் வந்து சேருகிற ஊர்தான் பத்து மாவுங். அங்கே கடலோரக் குன்று ஒன்றில் 1930-களில் ஆங்கிலேயர் ஒரு கோட்டை கட்டினார்கள். பீரங்கி மேடைகள், மருந்து அறைகள், சிப்பாய்கள் தங்கும் கட்டடங்கள், அவற்றை இணைக்கும் சுரங்க வழிகள் என்று குன்றையே குடைந்து வைத்தார்கள். போருக்குப் பிறகு நெடுங்காலம் அது காடு மண்டிக் கிடந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் பேய்மலை என்று பயந்து ஒதுங்கினார்கள். 2002-இல் அதைத் துப்புரவு செய்து போர்க் காட்சியகமாகத் திறந்தார்கள்.

சில சுரங்க வழிகளில் குனிந்தும் தவழ்ந்தும்தான் போக முடியும். உள்ளே இருட்டும் ஈரமும். "எதுக்குத் தாத்தா இப்படிக் குழி தோண்டுனாங்க?" என்று பேரன் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? வெளியே வந்து பீரங்கி மேடையில் அவனை நிறுத்தி, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேளுங்கள். கடலைப் பார்க்கிறது. எதிரி கப்பலில் வருவான் என்று கணக்குப் போட்டுக் கட்டிய கோட்டை அது.

எதிரி எப்படி வந்தான்? 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். சயாமிலிருந்து தரை வழியாகக் கெடாவுக்குள்ளும் புகுந்தார்கள். ஜித்ராவில் ஆங்கிலேயப் படை உடைந்தது. வயலையும் ரப்பர்க் காட்டையும் கடந்து, சைக்கிளில்கூட வந்தார்கள். கடலைப் பார்த்த பீரங்கி என்ன செய்யும்?

டிசம்பர் 11-ஆம் நாள் ஜார்ஜ் டவுனில் குண்டு விழுந்தது. விமானத்தை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்த சனங்கள் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். 16-ஆம் நாள் இரவுக்குள் வெள்ளைக்காரர்கள் கப்பலேறிவிட்டார்கள். தமிழனுக்கும், சீனனுக்கும், மலாய்க்காரனுக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிங்கப்பூரில் டஃப் கூப்பர் என்ற பெரிய அதிகாரியோ, பினாங்கு மக்களில் பெரும்பாலோர் பத்திரமாக வெளியேற்றப்பட்டுவிட்டதாக வானொலியில் பேசினார். அவருடைய கணக்கில் மக்கள் என்றால் யார் என்பது அன்றே தெரிந்துபோயிற்று.

அப்போது ஊரைக் காப்பாற்ற முன்வந்தவர்களில் ஒருவர் தமிழர். பெயர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கையிலிருந்து வந்தவர், 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியர். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த ஆங்கிலேயக் கொடியை இறக்கி வெள்ளைக் கொடியை ஏற்றினார். ஆங்கிலேயர் போய்விட்டார்கள், இனிக் குண்டு போடாதீர்கள் என்று வானொலியில் அறிவித்தார். எல்லா இனத்தவரையும் சேர்த்துக் குழு அமைத்து ஊரை நடத்தினார். பீரங்கி காக்காத ஊரை, பேனா பிடித்த கை காத்தது என்றால் மிகையாகாது.

நம் சனங்களின் போர்

சுரங்கத்தில் சிப்பாய்களின் கதையைப் பார்ப்பீர்கள். நம் சனங்களின் கதை அந்தக் குன்றோடு முடிவதில்லை. அதை நாம்தான் வீட்டிலிருந்து கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

போர்க்காலத்தில் ரப்பருக்கு விலையில்லை, தோட்டத்தில் வேலையில்லை, அரிசியில்லை. மரவள்ளிக் கிழங்குதான் சோறு. அந்த நேரத்தில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். நல்ல சம்பளம், கொஞ்ச நாள் வேலை என்று சொல்லியும், வலுக்கட்டாயமாக லோரியில் ஏற்றியும் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல பத்தாயிரம் பேரைக் கொண்டுபோனார்கள். பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவிலும், மலேரியாவிலும், பசியிலும், அடியிலும் விழுந்தவர்கள் அந்தக் காட்டிலேயே மண்ணானார்கள். மாண்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர்களில் மிகப் பலருக்குப் பெயர்கூட எழுதி வைக்கப்படவில்லை.

அதே காலத்தில் தோட்டத்து இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். பால் மரம் சீவிய பெண்பிள்ளைகள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். பினாங்கில் பயிற்சி பெற்று நீர்மூழ்கிக் கப்பலில் இந்தியாவுக்குப் போன வக்கம் அப்துல் காதர் 1943 செப்டம்பர் 10-ஆம் நாள் சென்னைச் சிறையில் தூக்கிலேறினார். மலாயாத் தமிழன் கூலியாக மட்டும் வாழ்ந்து மடியவில்லை என்பதற்கு இவையெல்லாம் சாட்சி.

போகும்போது கவனிக்க

கோயில் தலைவரோ, ஆசிரியரோ, விவரம் தெரிந்த இளைஞரோ ஒருவர் வழிகாட்டியாக முன்னே நிற்கட்டும். பஸ்ஸில் ஒலிபெருக்கி இருந்தால் பாட்டுக்கு நடுவே கொஞ்சம் வரலாறும் பேசட்டும்.

கொடிமலை ரயிலுக்கு விடுமுறை நாளில் நீண்ட வரிசை நிற்கும். சீக்கிரம் போவது நல்லது. சுரங்கத்துக்குச் செருப்பைவிடச் சப்பாத்து மேல். ஒரு கைவிளக்கு, குடிதண்ணீர், கொசு மருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சிரைப்பும் முழங்கால் வலியும் உள்ளவர்கள் சுரங்கத்துக்குள் நுழையாமல் வெளியே நிழலில் இருக்கலாம். போவதற்கு முன் இரண்டு இடங்களுக்கும் தொலைபேசியில் பேசி, திறந்திருக்கும் நேரத்தையும் கட்டணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் நாட்டு அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.

இன்னும் ஒன்று. லயத்திலோ, மலிவுவிலை வீட்டிலோ, உங்களோடு 80, 90 வயதைக் கடந்த பாட்டியோ தாத்தாவோ இருந்தால் அவர்களையும் பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார வையுங்கள். அவர்களால் படி ஏற முடியாமல் போகலாம். ஆனால் சயாமுக்குப் போய்த் திரும்பாத அண்ணனின் பெயர், மாமனின் பெயர் அவர்கள் நெஞ்சில்தான் இருக்கிறது. அந்தப் பெயர்களைக் கேட்டு, ஒரு பள்ளிக்கூட நோட்டில் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். கல்லில் பொறிக்காத பெயர் காகிதத்திலாவது இருக்கட்டும்.