தாஷ்கண்ட் நகரின் மூன்று நெடுங்கணக்குகள்

பேசும் மொழி மாறாதிருக்க, எழுத்து மட்டும் மாறினால் ஒரு குடும்பத்தில் என்ன நிகழும்? இதனை அறிய விழைவோர் உஸ்பெகிஸ்தானின் தலைநகராகிய தாஷ்கண்டை நோக்குதல் வேண்டும். இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி 1966 ஜனவரி 11-இல் உயிர் நீத்த ஊர் என்ற அளவிலேயே நம்மவர் பலர் அதனை அறிவர்.

உஸ்பெக், துருக்கியக் குடும்பத்து மொழி. நெடுங்காலம் அரபு எழுத்தில் எழுதப்பட்டு வந்தது. 1920-களின் இறுதியில் சோவியத் ஆட்சி இலத்தீன் எழுத்தைப் புகுத்திற்று. 1940-இல் அதனையும் நீக்கி, ருஷ்ய மொழிக்குரிய சிரில்லிக் எழுத்தை நிலைநாட்டிற்று. 1991-இல் நாடு விடுதலை பெற்றது. 1993-இல் இயற்றிய சட்டம் மீண்டும் இலத்தீனைக் கொணர்ந்தது. 1995-இல் அதுவும் திருத்தப்பட்டது. ஜாவியும் ரூமியும் அறிந்த மலேசிய வாசகர்க்கு எழுத்து மாற்றம் புதிதன்று. எழுபது ஆண்டுக்குள் மும்முறை என்பதே வியப்பு.

1996 முதல் முதலாம் வகுப்புப் பிள்ளைகள் இலத்தீனில் கற்கலாயினர். அவர்கள் இன்று தாமே பெற்றோராகும் பருவத்தினர். அவர்தம் பெற்றோரோ சிரில்லிக்கில் படித்துப் பழகியவர்கள். இரண்டும் முற்றிலும் வேறான வடிவங்களாயின் இடர் சிறிதே. சிரில்லிக்கில் ரகர ஒலிக்குரிய எழுத்து, வடிவில் இலத்தீனின் பகர எழுத்தாகவே உள்ளது. நகரத்துக்குரியது ஹகரத்தை ஒக்கும். அறியாத எழுத்தைக் கண்டால் கண் தயங்கி நிற்கும். அறிந்த வடிவமாயின் தயங்காது பிழையாகப் படித்துவிடும். தொடக்க வகுப்பு ஆசிரியர் இதனை நன்குணர்வர்.

பெரும் இழப்பு நூல்கட்கே. தாஷ்கண்டில் 1894-இல் பிறந்த அப்துல்லா காதிரி, முதல் உஸ்பெக் நாவலாகிய 'கடந்த நாட்க'ளை 1920-களில் எழுதினார். அது அரபு எழுத்தில் வெளிவந்தது. 1938-இல் ஸ்டாலின் ஆட்சி அவரைக் கொன்றது. ஸ்டாலினுக்குப் பின்னர் அந்நாவல் சிரில்லிக்கில் மறுபிறவி எடுத்தது. இன்று இலத்தீனிலும் கிடைக்கின்றது. புகழ்பெற்ற நூலாதலின் ஒவ்வொரு முறையும் கரையேறிற்று. சோவியத் காலத்தில் அச்சான பயிர்த்தொழில் நூலையும், சிறு கவிஞர் ஒருவரின் தொகுதியையும் புதிய எழுத்தில் மறுபதிப்பிட முன்வருவார் யாவர்?

நகரின் தோற்றம் விரைவில் மாறிற்று. லெனின் சிலை நின்ற இடத்தில் 1992-இல் உலக உருண்டை ஏறிற்று. காரல் மார்க்சின் உருவம் இருந்த பூங்காவில் 1993-இல் அமீர் தைமூர் குதிரைமேல் அமர்ந்தார். எழுத்து அவ்வாறு நகரவில்லை. முழுமாற்றத்துக்கு அரசு முதலிற் குறித்த ஆண்டு 2000, அது 2005 ஆயிற்று, பின் 2010, ஈற்றில் 2023 ஜனவரி. அந்நாளும் கடந்தது, சிரில்லிக் மறையவில்லை. கடைப்பலகைகளில் இரண்டும் அருகருகே நிற்கின்றன.

மக்கள் மனப்பாங்கிலும் மாறுதல் காணலாம். தொடக்கத்தில் இலத்தீன் எழுத்து ருஷ்ய ஆதிக்கத்தினின்று விடுபட்டதற்கு அடையாளமாகப் போற்றப்பட்டது. உஸ்பெக்கை அரசு மொழியாக்கிய சட்டமோ 1989-லேயே பிறந்துவிட்டது. ஆயினும் தம் மக்களை ருஷ்ய மொழிப் பள்ளிக்கு அனுப்பும் உஸ்பெக் பெற்றோர் இன்றும் பலர். பிழைப்பு நோக்கின் அதனைக் குறைகூறல் எளிதன்று. இப்போதைய வழக்கு எழுத்துக்குறிகளைப் பற்றியது. இரண்டு எழுத்துகளுக்கு மேலே இடவேண்டிய சிறு குறியைக் கைபேசியில் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக இடுகின்றனர். சிலர் இடுவதே இல்லை. ஷகர ஒலிக்கு இரண்டெழுத்து வேண்டியிருப்பதும் பலர்க்கு உடன்பாடன்று. அதற்குக் குறியிட்ட ஓரெழுத்தே போதுமென 2021-இல் முன்வரைவு ஒன்று வெளியாயிற்று. அது நிறைவேறின், நடுவே ஷகரம் கொண்ட தாஷ்கண்டின் பெயரையே பிள்ளைகள் மீண்டும் புதிதாக எழுதக் கற்க நேரும்.