மடிக்கணினி நாடோடிகள்

நாடோடி என்றதும், ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு புல்லும் நீரும் தேடிச் செல்லும் மக்களே நம் நினைவுக்கு வருவர். இக்காலத்தில் வேறு வகை நாடோடிகள் தோன்றியுள்ளனர். இவர்களுக்கு மந்தை இல்லை, மடிக்கணினி உண்டு. ஒரு நாட்டில் தங்கி, வேறொரு நாட்டு நிறுவனத்துக்கு உழைத்து, சில மாதங்களில் அடுத்த ஊருக்குப் பெயர்கின்றனர். இவர்களை டிஜிட்டல் நாடோடிகள் என்பர். 1983ஆம் ஆண்டிலேயே ஸ்டீவன் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கர், சிறு கணினியொன்றை மிதிவண்டியில் ஏற்றிக்கொண்டு, வழியில் கிடைத்த தொலைபேசிகளின் மூலம் கட்டுரைகளை அனுப்பியவாறு தம் நாட்டைச் சுற்றிவரப் புறப்பட்டார்.

படங்களில் காணும்போது இவ்வாழ்க்கை நீண்ட விடுமுறை போலத் தோன்றும். இத்தகையோர் பெருமளவில் கூடும் ஊர்களுள் ஒன்று, தாய்லாந்தின் வடபகுதியிலுள்ள சியாங் மாய். அங்கே வாடகை குறைவு, உணவு மலிவு. ஆனால் நியூயார்க் நகரத்து நிறுவனம் ஒன்றுக்காக அங்கிருந்து உழைப்பவரின் நிலையைப் பாருங்கள். குளிர்காலத்தில் நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் சியாங் மாயில் இரவு 9 மணி. ஊர் உறங்கப் போகும் வேளையில் அவருக்கு அலுவலகம் திறக்கிறது. விடியற்காலை 5 மணிக்குப் படுக்கும் அவர், எந்த ஊரின் அழகை நாடி வந்தாரோ, அந்த ஊரைப் பகலில் காண்பதே அரிதாகிவிடுகிறது. இடத்தை அவர் தேர்ந்துகொள்ளலாம், கடிகாரத்தை அன்று.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, வயல்களிலும் காடுகளிலும் எரியும் தீயின் புகை அப்பள்ளத்தாக்கில் தேங்கும். நாடோடிகள் தெற்கே கடற்கரைக்குப் போய்விடுவர். ஊரார் எங்கே போவர்? இக்கேள்வியை விளம்பரங்கள் எழுப்புவதில்லை.

இனி, சட்டம். சுற்றுலா அனுமதியில் வந்து கணினியில் வேலை பார்த்தவர் பலர். அது முறைதானா என்பது நெடுங்காலம் தெளிவின்றி இருந்தது. 2024இல் தாய்லாந்து இவர்களுக்கென ஐந்தாண்டு விசா ஒன்றை ஏற்படுத்தியது. ஒருமுறை வந்தால் 180 நாட்கள் தங்கலாம். 5,00,000 பாட் கையிருப்புக் காட்ட வேண்டும். உள்ளூர் நிறுவனத்தில் வேலை பார்த்தல் கூடாது. மேலும், ஓர் ஆண்டில் 180 நாட்கள் தங்கியவரை அந்நாட்டு வரிச் சட்டம் உள்நாட்டில் வசிப்பவராகவே கருதும். இவற்றை அறியாமல் புறப்படுவோர் பின்னர் வக்கீலைத் தேடுகின்றனர். எஸ்தோனியாவும் 2020இல் இத்தகைய விசாவைத் தொடங்கியது. அங்கே மாத வருமானத்துக்கு ஒரு கீழ்வரம்பு உண்டு. ஆக, வருவாய் நிலைத்த பிறகே இக்கதவுகள் திறக்கின்றன. வேலை தேடித் திரிபவனுக்கு இவை வழியல்ல.

பழைய நாடோடி தனியே சென்றதில்லை. குடும்பமும் சுற்றமும் உடன் சென்றன. இவருக்குக் காய்ச்சல் கண்டால் கஞ்சி வைத்துத் தரவும் ஆளில்லை. வருமானம், விசா ஆகியவற்றைவிட இக்குறையே பெரிதென்பது என் எண்ணம். நண்பர்கள் கிடைப்பார்கள், அவர்களும் அடுத்த மாதம் வேறு ஊரில் இருப்பார்கள்.

என்னிடம் பயின்ற ஒருவர், ஆறாண்டுகள் அலுவலகத்தில் தொழில் பழகிய பின்னர் இவ்வாழ்க்கையை மேற்கொண்டார். புதிய ஊரை அடைந்ததும் அவர் முதலில் காண்பது கோயிலும் அருவியும் அல்லவாம். இணைய வேகத்தைச் சோதிப்பார்; முதுகு வலிக்காத நாற்காலி ஒன்றைத் தேடுவார். இரண்டும் அமைய ஒரு வாரம் கழிந்துவிடும். மூன்று ஊர்களுக்குப் பிறகு, ஓரிடத்தில் ஆறு மாதமேனும் தங்குவதென்று முடிவு செய்ததாக எனக்கு எழுதினார்.