கட்டடம் மூச்சு விடுகிறது – 14
நூலுக்கு வேர்க்கோணும்

போன வாரம் எங்கே விட்டேன் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். 2015 டிசம்பர் மழை, பேஸ்மென்ட்டில் முழங்கால் தண்ணீர், ஜெனரேட்டரைத் தொட இன்னும் ஒரு சாண் பாக்கி. அவ்வளவுதான் முன்கதை. புதிதாக வந்து சேர்ந்தவர்கள் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு சாண் என்ன ஆனது என்று இந்த வாரம் சொல்வதாகத்தான் வாக்கு. ஆனால் திங்கட்கிழமை ஒரு வாசகியின் கடிதம் வந்தது. ‘ஜூன் மாதத்திலும் ஆபீசில் சால்வை போர்த்திக்கொண்டு வேலை பார்க்கிறேன். ஏசியை ஒழுங்காக வைக்க உங்களைப் போன்றவர்களுக்குத் தெரியாதா சார்?’ கட்டடங்களைப் பராமரித்தே தலை நரைத்தவன் நான். இந்தக் கேள்வியைக் கேட்காத வாரம் என் உத்தியோகத்தில் இருந்ததில்லை. நான்கு வரியில் பதில் எழுதிவிட்டு ஜெனரேட்டருக்குப் போய்விடலாம் என்று, ஒரே ஒரு வருடத்தைச் சரிபார்க்கப் பழைய புத்தகத்தைத் திறந்தேன். நான்கு நாள் போய்விட்டது. ஆறு மணிக்குள் பக்கம் வந்தாக வேண்டும் என்று ஆசிரியர் மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டார். ஜெனரேட்டர் காத்திருக்கட்டும்.

விஷயம் இதுதான்: ஏசி முதலில் மனிதனுக்காகச் செய்யப்படவில்லை. காகிதத்துக்காகச் செய்யப்பட்டது.

1902, நியூயார்க்கின் புரூக்ளின். சாக்கெட் அண்ட் வில்ஹெல்ம்ஸ் என்றோர் அச்சகம். அந்தக் காலத்தில் வண்ணப்படம் என்றால் ஒரே தாளை ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒருமுறை மெஷினில் விட்டு எடுக்க வேண்டும். கோடையின் ஈரக்காற்றில் காகிதம் விரியும், காய்ந்தால் சுருங்கும். மஞ்சள் அடித்துக் காயவைத்துச் சிவப்புக்குப் போவதற்குள் தாள் மயிரிழை அளவு வளர்ந்திருக்கும். படத்திலிருக்கும் பெண்ணின் உதட்டுச் சாயம் கன்னத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அச்சகக்காரர்களைக் கேட்டால் ‘ரிஜிஸ்டர் ஆகலை’ என்பார்கள்.

இந்தத் தலைவலி பஃபலோ ஃபோர்ஜ் என்ற கம்பெனிக்குப் போனது. அங்கே வில்லிஸ் கேரியர் என்ற 25 வயதுப் பையன். கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து முந்தைய ஆண்டுதான் வெளியே வந்திருந்தான். குளிர்ந்த நீர் வைத்த டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்று குளிர்ந்ததைத் தொட்டால் தன்னிடமுள்ள தண்ணீரைக் கீழே போட்டுவிடும். கேரியர் அந்த டம்ளரைத்தான் குழாய்ச் சுருளாக வளைத்தார். உள்ளே குளிர்ந்த நீர், வெளியே விசிறி தள்ளும் காற்று. ஈரப்பதம் 55 சதவீதத்தில் நிற்க வேண்டும், அது ஒன்றே இலக்கு. காற்று குளிர்ந்தும் வந்தது. காய்கறி வாங்கினால் கொசுறாகக் கறிவேப்பிலை கிடைக்குமே, அதைப்போல. அந்தக் கறிவேப்பிலைக்காகத்தான் இன்று உலகமே கடைக்குப் போகிறது.

இதைப் படித்ததும் எனக்குச் சிவகாசி ஞாபகம் வந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கப்போய் அச்சுத்தொழில் வேரூன்றிய ஊர். மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு. புரூக்ளின் அச்சகம் சுருளும் விசிறியும் வைத்துத் தேடிய உலர்ந்த காற்றை அந்த ஊருக்கு வானம் சும்மாவே கொடுத்துவிட்டது. உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர் முருகனின் வேல் முருகன் கையிலேயே இருக்கிறதென்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. ‘ஏர் கண்டிஷனிங்’ என்ற பெயரை 1906இல் வைத்தவர் கேரியர் இல்லை. வட கரோலினாவில் நூற்பாலைகளுக்கு யந்திரம் அமைத்துக்கொண்டிருந்த ஸ்டூவர்ட் கிராமர். அவருக்கு நேர் எதிரான தேவை: காற்றில் ஈரத்தை ஏற்ற வேண்டும். பஞ்சு காய்ந்தால் இழை அறும். ஆக, பொருள் காகிதத்திலிருந்து வந்தது, பெயர் நூலிலிருந்து.

இங்கேதான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஐ.டி.ஐ. முடித்ததும் நான் அப்ரண்டிஸாகப் போனது கோவையில் ஒரு மில்லுக்கு. ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட். ரிங் ஃப்ரேம் ஓடும் ஹாலுக்குள் காலை வைத்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் நாள் ஃபோர்மேனிடம் கேட்டேன்: “ஏனுங்ணா, இங்க ரெண்டு ஃபேனப் போட்டா ஆளுங்களுக்கு நல்லாருக்குமில்லீங்களா?”

“ஆளுக்கு வேர்த்தா தொடைக்கத் துண்டு இருக்குது தம்பி. நூலு காஞ்சா அறுந்துபோகும். இங்க நூலுக்குத்தான் வேர்க்கோணும்.”

கிராமரின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

அவர்தான் கையில் ஒரு கருவியைக் கொடுத்தார். இரண்டு தெர்மாமீட்டர், ஒன்றின் குமிழில் ஈரத்துணி, மற்றது காய்ந்தது. கைப்பிடியைப் பிடித்துத் திருவிழாக் கிலுகிலுப்பை மாதிரி சுற்ற வேண்டும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் காற்றில் எவ்வளவு ஈரம் என்று தெரிந்துவிடும். மணிக்கு ஒருமுறை சுற்றி நோட்டில் எழுதுவேன். நூறு பேர் நிற்கும் ஹாலில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் அளவு எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. பத்தொன்பது வயதில் அது சாதாரணப் போதை இல்லை. ‘இந்தத் தொழிலில் ஏன் நிலைத்தீர்கள்’ என்று பேட்டிகளில் கேட்டபோதெல்லாம் வேறு ஏதேதோ சொல்லியிருக்கிறேன். உண்மையான பதில் அந்தக் கிலுகிலுப்பை.

வாசகிக்கு வருகிறேன். சென்னைக் காற்றில் தண்ணீர் அதிகம். அதை உலர்த்தாமல் உள்ளே விட்டால் கார்ப்பெட் நாறும், சுவர் பூசணம் பிடிக்கும். உலர்த்த வேண்டுமென்றால் அந்த டம்ளர் வேலையைத்தான் செய்ய வேண்டும், அதாவது நன்றாகக் குளிரவைக்க வேண்டும். அதன் பிறகு கொஞ்சம் சூடேற்றி உங்கள் மேஜைக்கு அனுப்பலாம், வழியிருக்கிறது. குளிரவைக்க ஒரு மின்கட்டணம், திரும்பச் சூடாக்க இன்னொன்று. பட்ஜெட் கூட்டத்தில் அந்த இரண்டாவது வரியை அடித்துவிடுவார்கள். நான் உட்கார்ந்த எல்லாக் கூட்டத்திலும் அடித்தார்கள்.

இன்னொரு காரணம் டென்மார்க்கிலிருந்து. ஓலே ஃபாங்கர் என்ற பொறியாளர் ஆட்களை ஓர் அறையில் உட்காரவைத்து, குளிர்கிறதா, புழுங்குகிறதா என்று மைனஸ் 3 முதல் பிளஸ் 3 வரை மதிப்பெண் போடச் சொல்லி, 1970இல் புத்தகமாக்கினார். உலகம் முழுக்க ஏசி அளவுகள் அவருடைய கணக்கைச் சார்ந்தவை. அந்தக் கணக்கில் பழைய நாளிலேயே நுழைந்துவிட்ட ‘சராசரி மனிதன்’ 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆண் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் 2015இல் சுட்டிக்காட்டினார்கள். நீங்கள் நடுங்குவது கற்பனை இல்லை அம்மா. உங்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

ஃபாங்கரின் வாய்பாட்டில் எனக்குப் பிடித்த எண் வேறு. எவ்வளவு சரியாக வைத்தாலும், அதிருப்தி அடைவோர் கணக்கு அதில் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. கடைசியாக நான் பார்த்துக்கொண்ட கட்டடத்தில் 3,000 பேர். அப்படியென்றால் என் வாழ்நாளின் மிகச் சிறந்த நாளில்கூட 150 பேர் முகம் சுளித்திருக்க வேண்டும். ஹெல்ப்டெஸ்க்கில் 40 புகார் வந்த நாட்களில் நான் தலைகுனிந்து நின்றிருக்கிறேன். யாராவது அப்போதே இதைச் சொல்லியிருக்கலாம்.

ஒரு திருட்டுத்தனத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு கான்ஃபரன்ஸ் ஹாலில் புகார் தாங்காமல், எதனோடும் இணைக்காத தெர்மோஸ்டாட் ஒன்றைச் சுவரில் மாட்டினேன். வந்தவர்கள் திருகினார்கள், திருப்தியாகப் போனார்கள். புகார் நின்றது. இரண்டு வருடம் கழித்துக் கழற்றினேன், மனசு கேட்காமல்.

இடம் முடிந்துவிட்டது. பேஸ்மென்ட்டுத் தண்ணீர் அடுத்த வாரம், நிச்சயமாக. அதற்குள், தலைக்கு மேலிருக்கும் ஏசி கிரில்லில் சார்ட் பேப்பரைச் சொருகி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அந்தக் குளிர் அப்படியே பக்கத்து மேஜைக்காரர் தலையில் இறங்கிக்கொண்டிருக்கிறது.