தோட்ட வரப்பிற்கு வெட்டிவேரா, ஊசியிலை மரமா?

திண்டுக்கல் நகரத்தைச் சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களில், கிணற்றுப் பாசனத் தோட்டமுடைய நிலக்கிழார்கள் சிலர், சென்ற சில வருஷங்களாகத் தோட்டத்தின் ஓரங்களிலும் வீட்டின் முகப்பிலும் ஊசியிலை மரக்கன்றுகளை நட்டு வளர்க்க விருப்பங் கொண்டுள்ளனர். கொடைக்கானலுக்குப் போய் வருவோர் அங்கே சாலையோரங்களில் எக்காலமும் பசுமை மாறாது நிற்கும் பைன், சைப்ரஸ் மரங்களைக் கண்டு, அவ்வழகைத் தம் நிலத்திலும் காண ஆசைப்படுவது இயற்கையே. நாற்றுப் பண்ணைகளிலும் துஜா, சைப்ரஸ், கிறிஸ்துமஸ் மரம் என்ற பெயர்களில் இக்கன்றுகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. ஆனால் கன்றின் விலையைக் கேட்பவர்கள் அதற்கு வேண்டிய தண்ணீரின் விலையைக் கேட்பதில்லை. நீர் மிகக் குறைந்த இப்பிரதேசத்தில் இவ்விஷயம் சிறிது யோசிக்கத் தக்கது.

முதலில் மரத்தின் குணத்தை அறிதல் வேண்டும். கொடைக்கானல் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 7,000 அடி உயரத்திலுள்ளது. திண்டுக்கல் நகரமோ 900 அடி அளவிலேயே அமைந்துள்ளது. இவ்வுயர வேற்றுமையால் மட்டும் வெப்பத்தில் 11 அல்லது 12 டிகிரி சென்டிகிரேடு வித்தியாசம் உண்டாகிறது. மலையிலுள்ள பட்டுலா பைன் மெக்ஸிகோ தேசத்து மலைகளிலிருந்து வந்தது. பைன் மரங்கள் வேரோடு கூடி வாழும் ஒருவகைப் பூஞ்சையின் உதவியின்றி மண்ணிலுள்ள சத்தைச் சரிவரப் பெறமாட்டா. வெப்ப நாடுகள் பலவற்றில் பைன் விதை விதைத்தபோது, நாற்றுக்கள் வெளுத்துக் குன்றிப் போயின. பழைய பைன் காட்டு மண்ணைக் கொணர்ந்து கலந்த பின்னரே அவை தேறின. ஆகவே மலைப் பைனைச் சமவெளிச் செம்மண்ணில் நட்டு வளர்ப்பது வீண் செலவேயாகும். சீனாவைச் சேர்ந்த துஜாவும், கிறிஸ்துமஸ் மரமென விற்கப்படும் நியூ கலிடோனியாத் தீவின் அராகேரியாவும் சமவெளியில் பிழைப்பனவே. எனினும் முதல் இரண்டு, மூன்று கோடைகளில் அவற்றிற்குத் தண்ணீர் தவறாது விட வேண்டும்.

சவுக்கு மரத்தையும் இவ்வகையில் சேர்த்துப் பேசுவோர் பலர். சவுக்கின் ஊசிபோன்ற பாகங்கள் இலைகள் அல்ல. அவை மெல்லிய பசுங்கிளைகளே. அது பூக்கும் மரவகையைச் சேர்ந்தது; வேர் முடிச்சுக்களால் காற்றிலுள்ள தழைச்சத்தையும் நிலத்திற்குச் சேர்ப்பது. அதன் பயன் வேறு. இங்கு அது பேச்சன்று.

இனித் தண்ணீர்க் கணக்கைப் பார்ப்போம். சதுரமான ஓர் ஏக்கர் நிலத்தின் ஒரு பக்கம் ஏறக்குறைய 209 அடி. மூன்றடிக்கொரு துஜாக் கன்று வீதம் அப்பக்கத்திற்கு 70 கன்றுகள் வேண்டும். வாரத்தில் இருமுறை கன்றுக்கு ஒரு குடம் என்று மிகச் சிக்கனமாக வைத்துக்கொண்டாலும், வாரத்திற்கு 140 குடம். பங்குனி முதல் ஆனி முடிய நான்கு மாதத்திற்கு 2,400 குடம் ஆகிறது. அதே மாதங்களில் வேடசந்தூர், வடமதுரைப் பக்கங்களில் கிணறுகளின் நிலை என்னவென்பதை இதைப் படிப்போர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மாடுகளுக்கும் காய்கறிப் பாத்திகளுக்கும் போதாத நீரை அழகு வேலிக்கு இறைப்பது எவ்வாறு பொருந்தும்?

வெட்டிவேர் இந்நாட்டுப் புல். கோடைத் தட்டிகளுக்கும் குடிநீர்ப் பானைக்கும் சித்த மருந்திற்கும் அதன் வேரை யாவரும் அறிவர். அப்புல் மண்ணைக் கட்டும் வன்மையை அறிந்தோர் தொகை குறைவு. பக்கவாட்டில் அதிகம் ஓடாமல், அதன் வேர்கள் நேர் கீழாக 10 அடி ஆழத்திற்கும் மேற்படச் செல்லக் கூடியன. இதனால் வரப்பை அடுத்துள்ள பயிரின் உரத்தையும் ஈரத்தையும் அது அவ்வளவாகப் பறிப்பதில்லை. மர வேலியின் வேர்களோ மேல் மண்ணில் பரவி, பாத்திக்குள் நுழைந்து விடுகின்றன. நிழலும் உடன் சேர்கிறது. தென்னாட்டில் பயிரிடப்படும் வெட்டிவேர் வகை பெரும்பாலும் முளைக்கும் விதை தராததாகையால், களையாகப் பரவும் என்ற அச்சமும் வேண்டாம். கோடையில் மேற்புல் காய்ந்து பழுத்தாலும், மாடு மேய்ந்தாலும், தீப்பட்டாலுங்கூடத் தூரிலிருந்து மறுபடி தளிர்க்கும். துஜாவையும் சைப்ரஸையும் பச்சை இலையுள்ள பாகத்திற்கு உட்புறமாக வெட்டிவிட்டால் பழைய கட்டை துளிர்ப்பதரிது. வேலியில் விழுந்த சந்து சந்தாகவே நிற்கும்.

இம்முறை புதிதன்று. கர்நாடகத்தில் குண்டல்பேட்டைச் சுற்றுப்புறக் குடியானவர்கள் வெட்டிவேரை நில எல்லைகளில் நெடுங்காலமாக வைத்து வந்திருக்கின்றனர். தமிழர் பலர் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்று குடியேறிய பீஜித் தீவில், 1950-ஆம் ஆண்டுகளில் சரிவான கரும்பு நிலங்களில் மண்ணரிப்பைத் தடுக்க இப்புல் வரிசைகள் நடப்பட்டன. பின்னர் 1980-ஆம் ஆண்டுகளில் உலக வங்கியின் நிபுணர்கள் இந்தியாவில் அதனைப் பரப்ப முனைந்தனர்.

திண்டுக்கல் சமவெளியின் வருஷ மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களுக்குள் கொட்டி விடுகிறது. கோடையில் வறண்டு இறுகிய செம்மண், அம்மழையின் முதல் வேகத்தைத் தாங்குவதில்லை. மண்கரை மீது வெள்ளம் ஏறி வழிந்தால் என்னவாகுமென்பதற்கு, 1977-இல் குடகனாற்று மண்ணணை உடைந்ததே சாட்சி. அத்தகைய வெள்ளத்தை எப்புல்லும் தடுக்காது. ஆனால் தோட்டத்துச் சிறு வரப்பில், நெருங்கி நிற்கும் புல் வரிசை ஓடும் நீரை நிறுத்தாமல் அதன் வேகத்தைக் குறைக்கிறது; வண்டல் வரிசையின் மேற்புறம் தங்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அங்கு தானாகவே ஒரு படி உண்டாகிறது. தங்கிய நீரில் ஒரு பகுதி கிணற்றுக்கும் ஊறுகிறது.

மலையிலுங்கூட ஊசியிலை மரத்தின் அழகுக்கு ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. பழனி மலையின் உச்சிப் பகுதிகள் முன்னர் சோலைக் காடுகளும் புல்வெளிகளுமாக இருந்தன. சீகை, யூகலிப்டஸ், பைன் தோட்டங்களும் பிறவும் பரவியதால், 1973-க்கும் 2014-க்கும் இடையில் அப்புல்வெளிகளில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு மறைந்தது என்று செயற்கைக்கோட் படங்களை ஆராய்ந்தோர் கண்டிருக்கின்றனர். மழைநீரைப் பிடித்து மெல்ல ஓடைகளுக்கு விடுவது அப்புல்வெளி. சமவெளியின் ஆறுகள் பல அம்மலையினின்றே இறங்குகின்றன.

நடும் முறை வருமாறு. வரிசை, சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் அமைதல் வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் நீர்க்குழாய் மட்டத்தைக் கொண்டு இதனை எளிதில் குறித்து விடலாம். முதிர்ந்த குத்தைப் பெயர்த்து, இரண்டு மூன்று தூர்களாகப் பிரித்து, மேற்புல்லை 8 அங்குலமும் வேரை 4 அங்குலமும் விட்டு நறுக்கி, 4 முதல் 6 அங்குல இடைவெளியில் நட வேண்டும். ஆறங்குலமாயின் 100 அடிக்கு 200 கன்றுகள். இடைவெளி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. நெருக்கமில்லாத வரிசையில் சந்து வழியே நீர் முன்னிலும் வேகமாய்ப் பாய்ந்து அரிக்கும். செத்த கன்றுக்குப் பதில் உடனே வேறு நடுக. முதற் பருவத்தில் மழை தவறினால் தண்ணீர் விடவும் வேண்டும். ஒன்றரை அடி உயரத்தில் அவ்வப்போது அறுத்து விட்டால் தூர் கட்டிப் பெருகும். இளம்புல் மாட்டுக்குத் தீனி, முற்றியது கூரைக்கும் மூடாக்குக்கும் ஆகும். வரிசை முழுதும் அடைபட இரண்டு மூன்று பருவங்கள் செல்லும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வெட்டிவேர் நிழலைப் பொறாது. அடர்ந்த மாந்தோப்பிலும் தென்னந்தோப்பிலும் உள்ளே நட்டால் மெலிந்து போகும். ஆட்டையும் மாட்டையும் தடுக்கும் வேலியாகவும் அது உதவாது. அதற்கு ஒட்டன்சத்திரம் பக்கத்திலும் காங்கேயம் கொறங்காடுகளிலும் வழங்கும் முட்கிளுவையே சிறந்தது. போத்து நட்டால் போதும், தண்ணீர் கேட்பதில்லை. வெளிப்புறம் கிளுவையும் உள்வரப்புகளில் வெட்டிவேருமாக வைப்பது எல்லாவற்றிலும் நன்று. வீட்டு முற்றத்தில், குளிக்கும் நீர் போய்ச் சேருமிடத்தில், இரண்டொரு துஜா நிற்பதில் தோஷமில்லை. பெண்டு பிள்ளைகளின் கண்ணுக்கும் சிறிது குளிர்ச்சி வேண்டுமன்றோ?

வேர்க்கு விலையுண்டு என்பது பெரிய ஆபத்து. கடலூர்க் கரையோர மணல் நிலத்தில் இதனைத் தனிப் பயிராகவே வைத்து, ஓராண்டு ஒன்றரையாண்டில் அகழ்ந்து விற்கின்றனர். வரப்பிலுள்ள குத்தை அவ்வாறு அகழ்ந்தால் வரப்பே கரைந்து போகும். ஊராட்சி ஓடைக் கரையிலும் குளத்தங்கரையிலும் நடப்படுமாயின், கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் வேர் தோண்டுவோர் மீது கண் வைத்தல் அவசியம். வேர் விற்க விரும்புவோர் அதற்கென 5 சென்ட் மணற்பாங்கான நிலத்தை ஒதுக்கிக் கொள்ளலாம்.

கன்றுகளை விலைக்கு வாங்க வேண்டியதும் அதிகமில்லை. சித்திரையில் இருபது முப்பது குத்துக்களைத் தேடிக் கொணர்ந்து, கிணற்றடி வாய்க்காலோரம் வெயில் படுமிடத்தில் ஓரடிக்கொன்றாக நட்டு, சாணமிட்டு வைத்தால், புரட்டாசிக் கடைசியில் அவற்றைப் பெயர்த்துப் பிரித்து ஐப்பசி முதல் மழைக்கே வரப்பில் வைக்கலாம். அவ்வாண்டு எட்டாத வரப்புகளுக்கு அதே நாற்றங்காலில் நாலைந்து குத்துக்களை மிச்சம் வைத்தல் வேண்டும்.